மறுக்குமுன் கேட்போம்



கொழும்பிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் வரும்போது, கடவத்தைக்கு அப்பால் இம்புல்கொட என்ற சிற்றூர் வருகிறது. பயணிகள் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் நம் நாட்டில் அரசியல் பேச்சு எவ்வாறு கெட்டது என்று படிக்க விரும்புகிறவர் அவ்வூரிலிருந்து தொடங்கலாம்.

1957 யூலை 26ஆம் திகதி பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். பிரதேச சபைகள் அமைப்பதும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம் நடத்துவதும் அதன் சாரம். ஐக்கிய தேசியக் கட்சி அதைக் கடுமையாக எதிர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அக்கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டி தலதா மாளிகையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். இம்புல்கொடவில் எஸ். டி. பண்டாரநாயக்கா ஆட்களுடன் வீதியை மறித்தார். ஊர்வலம் அங்கே நின்றது, எதிர்ப்பு நிற்கவில்லை. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது.

பின்பு நடந்ததைக் கவனியுங்கள். 1965 மார்ச் 24ஆம் திகதி ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனாநாயக்காவே செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். இம்முறை எதிர்த்து நின்றது ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி. அந்த ஒப்பந்தமும் முழுமையாக நிறைவேறவில்லை. கண்டிக்கு நடந்து புறப்பட்ட அதே ஜயவர்த்தனா, முப்பது ஆண்டுகளின் பின், 1987 யூலை 29ஆம் திகதி இந்தியாவுடன் உடன்படிக்கை செய்து, மாகாண சபைகளைக் கொண்டுவந்தார். அதற்கிடையில் 1983ஆம் ஆண்டின் தீ இந்தக் கண்டி நகரையும் விட்டுவைக்கவில்லை.

ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வது குற்றமன்று. ஆனால் மேடையில் ஏறி, "எதிரி நம்மை விற்றுவிட்டான்" என்று சொல்லி மூட்டிய பயத்தைப் பின்பு எந்தக் கையொப்பத்தாலும் திரும்பப் பெற முடியாது. பேசியவர்கள் பதவிகளுக்குப் போனார்கள். வீடிழந்தவர்களோ அந்த மேடையை ஒருபோதும் காணாத ஏழைகள்.

இது சிங்களத் தலைவர்களின் குற்றம் மட்டுமே என்று நாம் ஆறுதல் அடையலாகாது. நமது மேடைகளிலும் "துரோகி" என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. அவ்வாறு தூற்றப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு எதிர் அணியில் நின்ற அ. அமிர்தலிங்கத்தின் மேலும் காலப்போக்கில் அதே சொல் விழுந்தது. 1989 யூலை 13ஆம் திகதி கொழும்பில் அவரும் தமிழரின் குண்டுக்கே பலியானார். நாம் ஏவிய சொல் நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது.

இனி நமக்கு மிக அருகில் வருவோம். 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் ஒரு வாகனத் தகராறில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி இறந்தார். தாக்கியவர்கள் முஸ்லிம்கள். சில மனிதர் செய்த குற்றத்தை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. ஆனால் அது ஒரு சமூகத்தின் குற்றமாகக் கைத்தொலைபேசிகளில் பரவிற்று. திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆனால் செய்திகளை அனுப்பியவை மனிதரின் விரல்களே. அவர்களுள் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டனர்?

மக்களாட்சிக்கு முன்மாதிரி என்று நாம் படித்த அமெரிக்காவிலும் இந்நோய் முற்றியுள்ளது. 2021 ஜனவரி 6ஆம் திகதி, தேர்தல் முடிவை ஏற்க மறுத்த கூட்டம் அந்நாட்டுப் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்ததை உலகமே பார்த்தது. நாவைச் சிறு நெருப்புக்கு ஒப்பிட்ட புனித யாகப்பருக்கு இது வியப்பாக இராது.

இதற்கு மருந்து உண்டா? நம் அம்பிட்டிய மலையில் ஒரு பழைய மருந்து இருந்தது. 1893இல் கண்டியில் தொடங்கப்பட்டு, 1955இல் பூனாவுக்கு மாற்றப்பட்ட பாப்பரசர் குருமடத்தை இயேசு சபையினர் நடத்தினர். அக்காலக் குருமடங்களில் தர்க்கப் பயிற்சி முக்கிய பாடம். ஒருவர் ஒரு கொள்கையை நிலைநாட்டுவார், மற்றவர் ஆட்சேபிப்பார். முதலாமவர் உடனே மறுத்துரைக்கலாகாது. ஆட்சேபத்தை முதலில் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், அதன்பின்பே பதில். புனித தோமஸ் அக்குவினாரும் தம் பெருநூலில் ஒவ்வொரு வினாவிலும் எதிர்வாதங்களையே முதலில் வைக்கிறார். அயலவரின் கூற்றைக் கண்டிப்பதற்கு முன், அதற்கு நல்ல பொருள் கொள்ள முயலவேண்டும் என்பது புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களும் 2020ஆம் ஆண்டின் 'ஃப்ரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் உரையாடலுக்கே ஒதுக்கினார்.

அப்படியானால் அநீதியைக் கண்டு வாய்மூடி இருப்பதா? இல்லை. மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தவர்கள் தம் கடமையையே செய்தனர். சட்டத்தை எதிர்க்கலாம், கொள்கையை வன்மையாக மறுக்கலாம். ஆனால் எதிரியின் வாயில் அவர் சொல்லாததைத் திணிப்பதும், ஒருவரின் குற்றத்தை அவருடைய இனத்தின் மேல் ஏற்றுவதும் பொய்ச்சாட்சியாகும். அது பத்துக் கட்டளைகளுள் ஒன்றை மீறும் பாவம். நற்கருணைக்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டிய பாவம்.

பெற்றோரே, பிள்ளைகள் அரசியல் பேச்சை முதலில் கேட்பது மேடையில் அல்ல, நம் சாப்பாட்டு மேசையில். எனவே இவ்வாரம் இரவுச் செபத்தின் பின் குடும்பமாக அமர்ந்து இவற்றைச் சிந்தியுங்கள்:

1. நமக்குப் பிடிக்காத ஒரு கட்சியின் நிலைப்பாட்டை, அக்கட்சிக்காரர் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஏற்கும் விதத்தில் நம்மால் சொல்ல முடியுமா?

2. சிங்களவரையோ முஸ்லிம்களையோ பற்றி நம் வீட்டில் பேசப்படும் எந்தச் சொல்லை, அவர்கள் முன்னிலையில் சொல்ல நாம் கூசுவோம்?

3. உண்மை எதுவென்று அறியாமல் நாம் கடைசியாகப் பிறருக்கு அனுப்பிய செய்தி எது? அதைத் திருத்த நாம் என்ன செய்தோம்?