ஏரிக்கரையில் ஒரு வீடு

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. அதன் பொருளை மலேசியத் தோட்டப்புற மக்கள் தம் வாழ்க்கையிலேயே உணர்ந்தவர்கள். பினாங்கு மாநிலத்தின் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் உள்ளது. இத்தகைய தோட்டங்களில் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக லயங்களில் குடியிருந்தனர். லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. வேலை இருக்கும்வரைதான் வீடும் இருக்கும். தோட்டம் விற்கப்பட்டால் பிழைப்பும் கூரையும் ஒருசேர ஆட்டம் கண்டன. இந்நிலையை மாற்றவே, 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர்.

அத்தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். பைராம் தோட்டத்திற்கு வடக்கே பத்து காவான் தொழிற்பேட்டை வளர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம், பத்து காவானைத் தீவிலுள்ள பத்து மாவுங்குடன் இணைக்கிறது. அங்கிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் தொலைவில் இல்லை. வேலை வாய்ப்புப் பெருகும் இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் பெருகுவது இயல்பே. வேலையிடத்திற்கு அருகில், நீர்நிலையை ஒட்டிய வீடு என்ற விளம்பரம் எவரையும் கவரும். எனினும், முன்பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

முதலாவது பணம். ஒரு வீட்டின் விலை 300,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தால், 30,000 ரிங்கிட்டை வாங்குபவர் செலுத்த வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி போன்றவை தனி. ஊழியர் சேமநிதிச் சேமிப்பின் ஒரு பகுதியை இதற்குப் பயன்படுத்த வழியுண்டு. எஞ்சிய 270,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை ஏறக்குறைய 1,195 ரிங்கிட் ஆகும். 25 ஆண்டுகளில் அடைத்தால் ஏறக்குறைய 1,425 ரிங்கிட் ஆகும். மாதந்தோறும் 230 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுபவருக்கு, மொத்தத்தில் 74,000 ரிங்கிட்டுக்கும் மேல் மிச்சமாகிறது. தவணை குறைவாக இருப்பதால் மட்டும் கடன் மலிவாகிவிடாது.

இரண்டாவது நிலம். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதிய குடியிருப்புகளில் காணப்படும் ஏரி, பல வேளைகளில் ஒரு வெள்ளத்தேக்கக் குளமாகும். முன்பு மண் உறிஞ்சிய மழைநீர், தார்ச்சாலையும் கூரைகளும் பெருகியபின் விரைந்து ஓடத் தொடங்குகிறது. அந்நீரைத் தாங்கி வைத்து, ஆற்றுக்குச் சிறிது சிறிதாக விடுவதே குளத்தின் வேலை. குளம் தூர்ந்தாலோ, நீர் வெளியேறும் வழி அடைபட்டாலோ, அதே நீர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

சென்னை மாநகரம் இதற்குச் சான்றாக விளங்குகிறது. 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகின. அருகிலுள்ள வேளச்சேரி, பெரும்பாக்கம் முதலிய பகுதிகளில் மக்கள் ஆர்வத்துடன் வீடு வாங்கினர். அப்பகுதிகளைச் சூழ்ந்திருந்தவை ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் ஆகும். பல ஏரிகளின் உபரிநீரைத் தாங்கிய அச்சதுப்புநிலத்தின் பெரும்பகுதி, காலப்போக்கில் கட்டடங்களாகவும் சாலைகளாகவும் மாறியது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை கொட்டியபோது, நீர் தன் பழைய இடத்தையே தேடி வந்தது. வேளச்சேரியில் படகுகளைக் கொண்டு மக்களை மீட்க நேர்ந்தது. எஞ்சிய சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று, உலகளாவிய முக்கியத்துவம் பெற்றது. ஆயினும், தாழ்வான இடத்தில் வீடு வாங்கியோரின் கவலை அதனால் தீர்ந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டின் மிக்சாங் புயலின்போதும் வேளச்சேரியில் வெள்ளம் சூழ்ந்தது.

நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, பலர் வீடுகளுக்குள் சிக்கிக்கொண்டனர். நனைந்து பாழானவை மரச்சாமான்கள் மட்டுமல்ல. அவற்றுக்கான மாதத் தவணைகளும் வீட்டுக் கடனும் அப்படியே இருந்தன.

ஆகவே, வீடு பார்க்கச் செல்வோர் வெயில் நாளில் ஒரு முறையும் அடைமழை நாளில் ஒரு முறையும் செல்வது நன்று. அக்கம்பக்கத்தில் நெடுங்காலம் வாழ்பவரிடம், “முன்பு இங்கே என்ன இருந்தது? தண்ணீர் எதுவரை ஏறியது?” என்று கேட்கலாம். நிலத்தின் உரிமை நிரந்தரமானதா, குத்தகையா என்பதை நில அலுவலகத்தில் உறுதி செய்யலாம். குளத்தைப் பராமரிப்பவர் யார் என்று மேம்பாட்டாளரிடம் வினவலாம். காலையில் வேலைக்குச் செல்லும் நேரத்திலேயே அந்தச் சாலையில் ஒருமுறை பயணம் செய்து பார்க்கலாம். இவற்றுக்குச் செலவாவது ஓரிரு நாள்களே. கடனோ முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தொடரக்கூடியது.

லயத்து வீட்டில் வாழ்ந்தோருக்கு வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அவ்வுரிமை உண்டு. அதனை நன்கு பயன்படுத்த, ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்னும் முன்னோர் மொழியை மனத்தில் கொள்வது சாலச் சிறந்தது.