அரிப்பு: பேசப்படாத நோய்க்குறி

தலைப்பைக் கண்டதும் சிலர் புன்முறுவல் பூத்திருப்பீர்கள், சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். 'அரிப்பு' என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள இன்னொரு பொருளை நான் விளக்கத் தேவையில்லை. மலாயில் 'காத்தால்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். தோல் நோயைப் பற்றி எழுத வந்தவள் சொல்லாராய்ச்சியில் இறங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். தோல் நோய் கண்டவர்களை மிகுதியாக வாட்டும் ஒரு நோய்க்குறிக்கு நம் வாயில் வரும் சொல், நாம் புழங்கும் இரு மொழிகளிலும் கறைபட்டுக் கிடக்கிறது. அதனால் அதைச் சொல்லக் கூசுகிறோம். சொல்லாத நோய்க்கு எவரும் மருந்து தருவதில்லை.

எத்தனை பேருக்கு அரிக்கிறது? ஐரோப்பாவின் 13 நாடுகளில், தோல் மருத்துவப் பிரிவுகளுக்கு வந்த 3,500க்கும் மேற்பட்ட வெளிநோயாளிகளிடம் கேட்டறிந்த ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர்களில் 54.4 விழுக்காட்டினர் அரிப்பு இருப்பதாகக் கூறினர். தோல் நோய் இல்லாதவர்களிடையே அது 8 விழுக்காடு மட்டுமே. மச்சம், முகப்பரு, தோல் கட்டி என்று வந்தவர்களையும் சேர்த்தே இந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. கரப்பான் எனும் எக்சிமா, காணாக்கடி, சொரியாசிஸ் ஆகியவற்றை மட்டும் தனியே எடுத்தால் விழுக்காடு இன்னும் மேலே போகும். அதோடு, அது குளிர் நாடுகளின் கணக்கு. கிள்ளானில் நண்பகல் வெயிலில் பேருந்துக்குக் காத்திருந்து, வியர்வை காலர் ஓரத்தில் ஊறும்போது கரப்பான் உள்ளவர் படும் பாடு அந்தக் கணக்கில் இல்லை.

சொரியாசிஸின் கதை வேடிக்கையானது. கிரேக்க மொழியில் 'சோரா' என்றால் அரிப்பு. பெயரிலேயே அரிப்பை வைத்துக்கொண்டிருக்கும் நோயைப் பற்றி, 'இது பெரும்பாலும் அரிக்காது' என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நோயாளிகளிடம் முறையாகக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவர்களுள் பெரும்பான்மையோருக்கு அரிக்கிறது என்பது தெரியவந்தது. செதிலைக் கண்ணால் பார்க்கலாம். அரிப்பைக் கேட்டுத்தானே அறிய வேண்டும்?

'அரிப்புத்தானே, பொறுத்துக்கொள்' என்று வீட்டில் சொல்வது வழக்கம். அதே ஐரோப்பிய ஆய்வுக் குழுவினர் மறு ஆண்டு வெளியிட்ட முடிவுகளின்படி, அரிப்புள்ள தோல் நோயாளிகளில் 14.1 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அரிப்பில்லாத தோல் நோயாளிகளிடம் அது 5.7 விழுக்காடு. தோல் நோய் இருவருக்குமே உண்டு. இரவுத் தூக்கத்தைப் பறிகொடுத்தவரின் நிலைதான் வேறு.

ஏன் அரிக்கிறது?

சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வு என்று 1660ஆம் ஆண்டிலேயே செருமானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் அரிப்பை வரையறுத்துவிட்டார். ஆயினும் அது வலியின் சிறு வடிவமே என்ற கருத்து வெகுகாலம் நிலைத்திருந்தது. அக்கருத்துக்கு ஒவ்வாத ஒரு செய்தி மருத்துவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்து சிலருக்கு அரிப்பை உண்டாக்கும். 1997ஆம் ஆண்டு, அரிப்பைக் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகள் மனிதத் தோலில் கண்டறியப்பட்டன. 2007ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகுத்தண்டில் அரிப்புக்கான ஒரு மரபணுவை எலிகளிடம் அடையாளம் கண்டனர். அது செயலிழந்த எலிகளுக்கு வலி தெரிந்தது, ஆனால் அவை மிகக் குறைவாகவே சொறிந்தன.

சொறியும்போது உண்டாகும் மெல்லிய வலி அரிப்பைச் சற்று நேரம் அமுக்கிவிடுகிறது. அதனால்தான் அத்தனை சுகம். ஆனால் நகம் பட்ட தோலில் வீக்கம் கூடி, மேலும் அரிக்கிறது. மீண்டும் சொறிகிறோம். 'சொறியாதே' என்று கையைத் தட்டிவிடுவதால் இந்தச் சுழல் நிற்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொசுக்கடியிலும் காணாக்கடியிலும் அரிப்பை உண்டாக்குவது ஹிஸ்டமின் எனும் பொருள். அதற்கு ஒவ்வாமை மாத்திரை நன்றாக வேலை செய்யும். கரப்பானில் அரிப்பைத் தூண்டுபவை பெரும்பாலும் வேறு பொருள்கள். எனவே அந்த மாத்திரை தூக்கம் தருமே தவிர, அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. தோலுக்கு ஈரப்பதம் தரும் பசையைத் தாராளமாகப் பூசுவதும், மருத்துவர் தரும் களிம்பைச் சொன்ன அளவில் பூசுவதும்தான் அடிப்படை. கைக்கும் விரலுக்கும் நோகாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு 'மருந்து சரியில்லை' என்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பாட்டி சொன்ன சொல்

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்கு நீரிழிவு. இரத்தப் பரிசோதனைக்கு ஓராண்டுக்கு மேலாகப் போகவில்லை. கைகளிலும் முதுகிலும் சொறிந்த தழும்புகள். ஒரு கிளினிக்கிற்கு மாமா அழைத்துச் சென்றார். மருத்துவர் 'காத்தால்?' என்று கேட்டிருக்கிறார். மகனை அருகில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு என்ன பதில் சொல்வது? 'சிக்கிட்' என்று சொல்லிவிட்டார் பாட்டி. கொஞ்சம்தானாம். வறண்ட தோலுக்கு ஒரு களிம்போடு வீடு திரும்பினார்கள்.

விடுமுறைக்குப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார்: "உடம்பு பூரா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடறேன். தடிப்பும் இல்ல, கடியும் இல்ல." இந்த மூன்று வாக்கியங்களையும் மலாயில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை மருத்துவர் அதைப் படித்துவிட்டு உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். சிறுநீரகங்கள் வெகுவாகச் செயலிழந்திருந்தன.

தோலில் ஒன்றும் இல்லாமலேயே உடல் முழுதும் அரித்தால், காரணம் சிறுநீரகமாக இருக்கலாம், கல்லீரலாக இருக்கலாம், இரத்தமாகவும் இருக்கலாம். பல நாடுகளில் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோரிடம் நடந்த ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை அரிப்பு இருந்தது. நம் நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போவோரின் முதன்மைக் காரணம் நீரிழிவு. அந்த நோய் நம் இந்தியச் சமூகத்தில் எவ்வளவு மிகுதி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இன்சுலின் இருக்கக்கூடும்.

அரிக்காத நோயையும் மறந்துவிடக் கூடாது. சுங்கை பூலோவில் 1930ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொழுநோய்க் குடியிருப்பை, 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயரால் அறிந்திருப்பீர்கள். தொழுநோய்த் திட்டு பொதுவாக அரிக்காது. தொட்டாலும் உணர்ச்சி குறைவாக இருக்கும். தொல்லை தராததால் மருத்துவரிடம் போகத் தாமதமாகும். ஆகவே அரிக்கிறதா, அரிக்கவில்லையா என்பது இரண்டு விதத்திலும் மருத்துவருக்கு வேண்டிய செய்தி.

விடுதி மாணவர்களுக்கு

இரவில் மட்டும் அரிப்பு பொறுக்க முடியாமல் போகிறது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்கள், அறைத்தோழருக்கும் அப்படியே என்றால், அது பெரும்பாலும் சொறிசிரங்கு. மலாயில் 'கூடிஸ் பூத்தா'. ஒரு நுண்ணிய பூச்சி தோலுக்குள் குடைவதால் வருவது. முதல் முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை ஒன்றும் தெரியாது. அதனால் அரிப்பவர் மட்டும் மருந்து பூசிக்கொண்டால் போதாது. அறையில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை பூசி, இரவு முழுதும் வைத்திருந்து கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும்; பதற வேண்டாம். அழுக்கானவர்களுக்குத்தான் இது வரும் என்று பேசும் வாயை முதலில் மூட வேண்டும்.

படை வந்தால் நண்பர் தந்த களிம்பைப் பூசுவது இன்னொரு வழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சில நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது, சத்தமில்லாமல் பரவும். பிரிக்பீல்ட்ஸில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும், மருந்து என்று விற்கப்படும் களிம்பில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் நிறத்தில் வீக்கம் சிவப்பாகத் தெரியாது. கருமையாக, ஊதா கலந்து, சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. 'சிவக்கவில்லையே' என்று மருத்துவர் சொன்னால், தோல் இயல்பாக இருந்தபோது எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டுங்கள்.

வாய்ச்சொல்லைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமில்லை. அரிப்பு கூச்சமாக இருந்தால் நமைச்சல் இருக்கிறது, ஊறல் இருக்கிறது, பழந்தமிழ் வேண்டுமென்றால் தினவு இருக்கிறது. குறுகுறுப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல என்று ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு குறிப்பு. தாத்தா பாட்டியோடு கிளினிக்கிற்குப் போகிறவர்கள் முந்தின இரவே தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை வாரமாக, பத்துக்கு எத்தனை, தூக்கம் கெடுகிறதா. ஆறு வாரத்தைத் தாண்டியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். மலாயில் சொல்ல 'காத்தால்' என்ற ஒற்றைச் சொல் போதாது. 'தாக் போலே தீடோர் செபாப் காத்தால்', அதாவது அரிப்பால் தூங்க முடியவில்லை என்று முழு வாக்கியமாகச் சொன்னால், கேட்பவர் பேனாவை எடுப்பார்.