தங்கச்சி, போட்டைப் பார்த்துட்டு பாக்கிப் பணத்தைக் கொடு

மே லீவுக்கு மொத்தக் குடும்பமும் ஆலப்புழா போறதுன்னு முடிவாயிடுச்சு, எந்த ஹவுஸ்போட் எடுக்கறதுன்னு சொல்லுக்கான்னு கேட்டிருந்தே. போன்ல சொன்னா பாதி மறந்துடும். அதான் எழுதறேன். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இதே யோசனையில இருக்கிற மத்த தங்கச்சிகளும் படிச்சுக்கட்டும்.

முதல்ல மாப்பிள்ளையோட யோசனை. பழைய ஃபைபர் போட்டு ஒண்ணை மோட்டாரோட வாங்கிட்டா வருஷா வருஷம் வாடகை மிச்சம்னு அவர் சொல்றது வேண்டாம். நம்ம பக்கம் அதை ஓட்ட இடம் ஏது? கொள்ளிடத்துல பல மாசம் மணல்தான் தெரியும். தண்ணி திறந்துவிட்டா இழுப்பு ஜாஸ்தி. கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில ராம்சார் ஈரநிலப் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. அங்க மோட்டார் சத்தத்துக்கு இடமே இல்லை. அதோட உள்நாட்டு நீர்நிலையில ஓடற மோட்டார் படகுக்கு 2021-ல வந்த புதுச் சட்டப்படி பதிவு, சர்வே எல்லாம் உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் போறதுக்கு வாடகைப் படகே போதும்.

ஆனா பழைய போட்டு வாங்கறவங்க என்னென்ன பார்ப்பாங்களோ, அதை வாடகைக்கு எடுக்கிற நாமளும் பார்க்கணும். ஆலப்புழாவுல ஓடற ஹவுஸ்போட்ல பலதும் பல வருஷம் ஓடினவை. சீசனுக்கு முன்னாடி பெயிண்ட் அடிச்சு, மெத்தை மாத்தி, போட்டோ எடுத்துப் போட்டிருப்பாங்க. அந்தப் பெயிண்டுக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை.

அதனால போன்லயே முழுப் பணத்தையும் கட்டிடாதே. கொஞ்சம் அட்வான்ஸ் போதும். பெரம்பலூருக்கு ரயில் இல்லை, அரியலூர்லயோ திருச்சியிலயோ ஏறினாத்தான் உண்டு. எப்படிப் போனாலும் காலையிலயே ஆலப்புழா போய்ச் சேர்ற மாதிரி டிக்கெட் போடு. படகுல ஏத்தறது பொதுவா மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. அதுக்குள்ள புன்னமடை துறைக்குப் போய், வெளிச்சத்துல படகைப் பார்த்துடலாம். பஸ் ஸ்டாண்டுலயும் ஸ்டேஷன் வாசல்லயும் நிக்கிற ஏஜென்ட் காட்டற ஆல்பத்தை நம்பி ஏறாதே. ஆல்பத்துல ஒரு படகு இருக்கும், துறையில வேற ஒண்ணு நிக்கும்.

அளவைப் பத்திச் சொல்றேன். நீங்க குழந்தைகளையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல. ஒரே பெரிய ரெண்டடுக்குப் படகா எடுக்கலாம்னு மாப்பிள்ளைக்கு ஆசை இருக்கும். என்னைக் கேட்டா, ரெண்டு மூணு ரூம் இருக்கிற ஒத்தை அடுக்குப் படகு ரெண்டு எடுத்து, பக்கத்துல பக்கத்துல கட்டச் சொல்லுங்க. மேல் தளத்துல ஆள் சேரச் சேரப் படகுக்கு மேல்பாரம் கூடிடும். அப்போ எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தா நிமிர முடியாது. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில கவிழ்ந்தது ரெண்டு தளம் இருந்த படகுதான். கரையில மிருகத்தைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கமா வந்தாங்க, 45 பேர் போயிட்டாங்க. 2023 மே 7-ஆம் தேதி தானூர்ல பொழுது சாஞ்சப்புறம் கிளம்பின படகு, மீன்பிடிப் படகை மாத்திக் கட்டினது. ஏத்த வேண்டியதைவிட அதிகமா ஆள் ஏத்தியிருந்தாங்க. இறந்துபோன 22 பேர்ல பாதிக்கிட்ட ஒரே குடும்பத்து ஜனங்க. நம்ம பழவேற்காட்டுல 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு நடந்ததுலயும் 22 உயிர். எல்லாரும் நம்மளை மாதிரி லீவுக்குச் சேர்ந்து போனவங்கதான். உன்னைப் பயமுறுத்த இதை எழுதலை. இந்த மூணும் நடுக்கடல்ல நடக்கலை. அதை மட்டும் மனசுல வெச்சுக்கோ.

துறைக்குப் போனதும் படகோட பக்கவாட்டுல கே.ஐ.வி.ன்னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர் எழுதியிருக்கான்னு பாரு. அந்த நம்பரும் அவங்க காட்டற சர்டிஃபிகேட்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும், தேதி முடியாம இருக்கணும். எத்தனை பேர் ஏறலாம்னு அதுலயே போட்டிருக்கும். கைக்குழந்தையைக் கணக்குல சேர்க்க மாட்டோம்னு சொன்னா ஒத்துக்காதே. படகை ஓட்டறவரை அங்க ஸ்ராங்க்னு சொல்லுவாங்க. அவர் லைசென்ஸையும் கேளு. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு கூச்சப்படாதே. ஒழுங்கா வெச்சிருக்கிறவர் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் காட்டுவார்.

அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு உள்ளே நட. தரைப் பலகை கால்ல அழுந்துதான்னு பாரு, முக்கியமா குளியலறை வாசல்லயும் சமையல்கட்டுலயும். எப்பவும் ஈரம் படற இடத்துலதான் மரம் முதல்ல உளுத்துப்போகும். அடுத்து, தரையில திறக்கிற மூடி எங்கயாவது இருக்கும், அதைத் தூக்கிக் காட்டச் சொல்லு. அடியில கொஞ்சம் தண்ணி நிக்கிறது சகஜம். கணுக்கால் அளவு நின்னாலோ, டீசல் மணத்தோட எண்ணெய் மிதந்தாலோ, வேற படகு பார்த்துக்கோ. தண்ணியை வெளியேத்தற பம்பை ஒருதரம் போட்டுக் காட்டச் சொல்லு. ஆள் ஏறாதப்பவே படகு ஒரு பக்கமா சாஞ்சு நின்னா அதுலயும் ஏறாதே.

பழைய மரப் படகான கெட்டுவள்ளத்துக்கு ஆணி கிடையாது. ஆஞ்சிலிப் பலகையைத் தேங்காய் நார்க் கயித்தால தைச்சு, மேல முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவாங்க. நம்ம ஆண்டிமடம் பக்கம் கொட்டை உடைக்கிறவங்க கையைப் புண்ணாக்குமே, அந்த எண்ணெய்தான். மரம் மக்காம, பூச்சி அரிக்காம காக்கும். வெளிப்பக்கம் பலகை சேர்ற இடத்துல அந்தக் கறுப்பு மேல்பூச்சு விட்டு விட்டு உரிஞ்சு, நார் பிரிஞ்சு தொங்கினா பராமரிப்பு இல்லைன்னு அர்த்தம். இப்போ ஃபைபர் அடிப்பாகத்தோடயும் நிறைய ஓடுது. அதுல சின்னக் கீறல் பரவாயில்லை, ஓரத்துல நீளமா வெடிப்பு ஓடினா வேண்டாம்.

இன்ஜினை மாப்பிள்ளைகிட்ட விட்டுடு. டீசல் பம்ப்செட்டும் டிராக்டரும் ஓட்டினவருக்குப் புகையைப் பார்த்தாலே தெரியும். ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்சம் புகை வந்து அடங்கிட்டா சரி. சூடானப்புறமும் நீலப் புகை விட்டா இன்ஜின் ஆயிலைக் குடிக்குது. கரும்புகை அடங்கவே இல்லைன்னா டீசல் சரியா எரியலை. பின்பக்கம் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அதாவது ரிவர்ஸ். படகுக்கு பிரேக் கிடையாது, நிறுத்தறதே ரிவர்ஸ்லதான். கியர் விழ முரண்டு பண்ணினா ஏறாதீங்க.

லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு மட்டும் கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. எண்ணிப் பாரு. பூட்டின அலமாரியில இருந்தா வெளியே எடுத்து வைக்கச் சொல்லு. சின்னவனுக்குப் பெரியவங்க ஜாக்கெட் மாட்டினா, தண்ணியில விழுந்ததும் தலை வழியா கழண்டு போயிடும். குழந்தை அளவு ஜாக்கெட், காலுக்கு இடையில வர்ற பட்டையோட வேணும். மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடிச்சு மேல தூக்கிப் பாரு. காதுக்கு மேல ஏறினா அது சேராது. பெரியவனுக்கு நீச்சல் தெரியும்னு விட்டுடாதே. கிணத்துல நாலு கை போட்டா படி கிடைக்கும், கத்தினா மேல ஆள் இருக்கும். அங்க அடியில சேறு, மேல ஆகாயத்தாமரைக் கொடி. நீயும் கூட வர்ற அத்தையும் சேலையோட விழுந்தா நீச்சல் தெரிஞ்சும் கால் சுத்திக்கும். படகுல இருக்கிற வரைக்கும் சுடிதாரே போட்டுக்கோ.

ஏப்ரல், மே மாசத்துல அங்க சாயங்காலம் திடீர்னு இடி, காத்து, மழை வரும். வேம்பநாட்டு ஏரியோட அகலமான பகுதிக்குப் போறதா இருந்தா அதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடணும். கைனகரி, நெடுமுடி பக்கத்து ஆறும் வாய்க்காலும் ரெண்டு பக்கமும் கரை தெரியிற இடம், அத்தைக்கும் பயமிருக்காது. குறுகின வாய்க்காலுக்குள்ள ஹவுஸ்போட் நுழையாது. அதுக்குச் சின்ன சிக்காரா படகு ஒரு மணி நேரம் எடுத்துக்கோங்க. சாயங்காலம் அஞ்சரை வாக்குல படகைக் கட்டிடுவாங்க, மீனவங்க வலை போடற நேரம் அது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கன்னு பசங்க கெஞ்சினாலும் கேட்காதே.

ராத்திரிதான் நான் ரொம்பக் கவலைப்படற நேரம். ஏ.சி. பல படகுல ஜெனரேட்டர்ல ஓடும், அதுவும் ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரைதான். ஜெனரேட்டர் புகை எந்த ரூம் ஜன்னல் பக்கம் போகுதுன்னு முன்னாடியே பார்த்து, அந்த ரூமை வேண்டாம்னு சொல்லிடு. மூடின ரூமுக்குள்ள புகை சேர்ந்தா தூக்கத்துலயே ஆபத்து. சமையல் கேஸ் சிலிண்டர் அடுப்புப் பக்கத்துல இல்லாம தள்ளி இருக்கணும், தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டற இடத்துல இருக்கணும். கூரை மூங்கிலும் பாயும்தான், அதனால கொசுவத்தி, சாம்பிராணி, விளக்கு எதுவும் ஏத்தாதே. கொசுவுக்குக் கிரீம் எடுத்துக்கோ.

அத்தைக்குப் படகு ஒத்துக்குமான்னு தெரியணும்னா, அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பிச்சாவரம் போயிட்டு வாங்க. ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வழியா ஒரே நாள்ல திரும்பிடலாம். வழியில வீராணம் ஏரியையும் பார்த்த மாதிரி இருக்கும். அங்க மோட்டார் போட்டு எடுக்காதீங்க, துடுப்புப் படகு கேளுங்க. சுரபுன்னை வேரெல்லாம் வளைஞ்சு நிக்கிற சின்ன வாய்க்காலுக்குள்ள அதுதான் போகும்.

பார்த்த படகோட நம்பர், சர்டிஃபிகேட், குழந்தைங்க ஜாக்கெட், இது மூணையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு. நான் பார்த்துட்டு சரின்னு சொன்னப்புறம் பாக்கியைக் கொடு.