தேக்கடிக்குப் போனால் எதைப் பார்ப்போம்?

குழுவாகத் தேக்கடிக்குச் சுற்றுலா போகிறோம். படகில் ஏறி யானை, காட்டுமாடு பார்க்கிறோம். அதோடு திரும்பிவிட்டால் போதுமா?

பெரியார் புலிகள் காப்பகம் இருப்பது கேரளாவில். ஆனால் அங்கே 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர்தான் நம்ம தேனி, மதுரை வயலுக்கு வருது. மழைநீரைச் சருகும் வேரும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. காடு போனால் மண் அரித்து அணையில் சேரும். கோடையில் ஓடை வறண்டுவிடும்.

அங்கே திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்து விற்றவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாக்கியது. பயணிகள் கட்டும் கட்டணத்தில் அவர்களுக்கு வருமானம் கிடைத்தது. 2002-ல் பக்கத்து ஊர்ப் பெண்கள் 'வசந்த சேனை' என்று ஒன்று சேர்ந்தார்கள். கூலி வாங்காமல், முறை வைத்துக் காட்டுக்குள் நடந்து காவல் காத்தார்கள். சந்தன மரம் வெட்டுகிறவர்களுக்கு அதுவே பயமாச்சு.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

1. நம்ம ஊர்க் கண்மாய், ஓடை, மரங்களுக்கு யார் காவல்?
2. பெண்கள் பொது வேலை செய்தால் கூலி வேண்டாமா?
3. மாதம் ஒரு நாள் முறை வைக்க நம்மால் முடியுமா?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சுற்றுலா போகும்போது பாலித்தீன் பை வேண்டாம், துணிப்பை போதும்.