பிறர் சிரமம் தீர்க்கும் வியாபாரம்



வியாபாரம் என்றவுடன் எந்தச் சரக்கில் லாபம் மிகுதி என்றே நம்மில் பலர் கேட்கிறோம். கடை வாசலுக்கு வருகிறவருக்கு என்ன சிரமம், அதை எவ்விதம் நீக்கலாம் என்று கேட்போர் குறைவு. இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து பிறந்த ஒரு தொழில் முயற்சியை இங்கு எடுத்துக்கொள்வோம். அது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில் நடந்தது.

நைரோபி பட்டணத்தில் கூலி வேலை செய்கிறவர் கிராமத்திலுள்ள தாயாருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், முன்னாளில் பஸ் ஓட்டுநரிடமோ, ஊருக்குப் போகும் உறவினரிடமோ கொடுத்தனுப்புவார். பணம் போய்ச் சேர்ந்தாலும் சேரும், வழியில் களவு போனாலும் போகும். பேங்கோ ஏழைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இது நமக்குப் புதிய கதையன்று. ரஜுலா கப்பலில் ஊர் திரும்பியவர்கள் கையில் கொடுத்தனுப்பிய பணத்தைப் பற்றியும், உண்டியல்காரர்களைப் பற்றியும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

2005-ல் சபாரிகாம் என்னும் தொலைபேசிக் கம்பெனி, சிறுகடன் வாங்கியோர் கைத்தொலைபேசி வழியே தவணை கட்டுவதற்கென்று ஒரு சோதனை நடத்திற்று. ஜனங்களோ அதைக் கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினர். கம்பெனியார் பிடிவாதம் பிடிக்காமல் ஜனங்கள் போன வழியே போனார்கள். 2007 மார்ச்சில் 'எம்-பெசா' பிறந்தது. 'பெசா' என்றால் சுவாஹிலி மொழியில் பணம். நம் 'பைசா'தான் கடல் கடந்து அங்கே போயிற்று என்று அறிந்தோர் கூறுவர்.

கம்பெனி ஊருக்கு ஊர் கிளை கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த பெட்டிக்கடை, மளிகைக்கடைக்காரர்களையே பிரதிநிதிகளாக்கிற்று. கடைக்காரர் தம் சொந்த முதலைக் கட்டித் தொலைபேசிக் கணக்கில் இருப்பு வைத்துக்கொள்வார். மகன் ரொக்கத்தைக் கொடுத்தால், அந்த இருப்பிலிருந்து அவன் கணக்குக்கு மாற்றிவிடுவார். மகன் அதைத் தாயாருக்கு அனுப்புவான். தாயார் தம் ஊர்க் கடைக்குப் போய்க் கணக்கிலுள்ளதைக் கொடுத்து, கல்லாவிலிருந்து ரொக்கம் வாங்கிக்கொள்வார். இரு கடைக்காரருக்கும் கமிஷன் உண்டு.

கேட்பதற்கு எளிது, நடத்துவதில்தான் சூட்சுமம். சம்பள நாளில் பட்டணத்துக் கடையில் ரொக்கம் குவியும், தொலைபேசி இருப்பு தீரும். கிராமத்துக் கடையிலோ கல்லா காலியாகும். அரிசியையும் சீனியையும் போல இரண்டு சரக்கையும் கணக்காய் வைக்கத் தெரிய வேண்டும். ஒருமுறை வெறுங்கையோடு திரும்பிய தாயார் மறுமுறை வேறு கடைக்குப் போய்விடுவார்! ஒவ்வொரு வரவுக்கும் பற்றுக்கும் உடனே எழுத்தில் செய்தி வருவதால் வழக்கில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா அல்பகராவின் 282-ஆம் வசனம் கட்டளையிடுவதை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

பலன் என்ன? டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள் இதனால் கடும் வறுமையிலிருந்து மீண்டன. நோயோ, விளைச்சல் குறைவோ வந்தபோது தூரத்து உறவினரின் சிறு உதவிகூட அன்றைக்கே கை சேர்ந்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. 2012-ல் இதே வழியாக ஒரு பேங்குடன் சேர்ந்து கடனும் கொடுக்கத் தொடங்கினார்கள். 30 நாள் கடனுக்கு அப்போது 7.5 சதவிகிதம் வாங்கினர். அதற்குக் கட்டணம் என்று பெயர்; மாதந்தோறும் புதுப்பிப்பவருக்கு வருஷத்தில் 90 சதவிகிதமாகிவிடும். பணத்தைக் கொண்டு சேர்த்ததற்குக் கூலி வாங்குவது உழைப்பு. இதுவோ, பெயரை மாற்றினாலும், நமக்கு வட்டியாகவே தோன்றுகிறது.

நம் ஒட்டுக்கடைகளுக்கும் சாப்பாட்டுக்கடைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் தினமும் வருகிறார்கள். அவர்கள் கேட்டு நம்மிடம் இல்லை என்று சொன்னவற்றை ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். பணம் அனுப்பும் தொழிலே வேண்டுமென்றால், உரிமமின்றி அதைச் செய்வது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றம். ஆகையால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.