மண்ணில் நின்ற துணைவர்

பட்டம் வானில் உயர்ந்து பறக்கும்போது காண்போர் கண்கள் பட்டத்தையே நோக்கும். நூலைப் பற்றி நிற்கும் கையை நோக்குவார் சிலரே. விண்வெளியில் நிகழும் அரும்பணிகளும் அத்தகையனவே. அங்குச் செல்லும் வீரரை உலகம் அறியும்; நிலவுலகில் விழித்திருந்து அவர்க்கு வழிகாட்டும் பொறியறிஞரை உலகம் அத்துணை அறியாது. ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்த வரலாறு அவ்வறிஞர்தம் சிறப்பை நன்கு விளக்கும்.

காற்று மண்டலத்தின் தடையின்றி வானத்தை ஆராய்வதற்காக, 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இத்தொலைநோக்கி விண்ணில் நிறுவப்பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை இஃது உலகை வலம் வருகிறது. 1993 முதல் 2009 வரை ஐந்து முறை வீரர்கள் விண்வெளி ஓடத்தில் சென்று இதனைச் செப்பனிட்டனர்.

அப்பணிகளுக்கு அமெரிக்க நாட்டின் இரு நிலையங்கள் துணை நின்றன. ஹூஸ்டன் நகரிலுள்ள நிலையம் ஓடத்தையும் வீரரையும் பேணியது. மேரிலாந்து மாநிலத்திலுள்ள கோடார்டு விண்வெளி மையம் தொலைநோக்கியைக் கண்காணித்தது. பழைய கருவியை வீரர் அகற்றுமுன் அதன் மின்னோட்டத்தை நிறுத்துவதும், புதிய கருவி பொருத்தப்பட்டபின் கட்டளை அனுப்பி அஃது இயங்குகின்றதா என ஆராய்வதும் கோடார்டு அறிஞரின் கடமைகள். வீரரும் ஹூஸ்டனிலுள்ள பெருங்குளத்தில் மூழ்கி, தொலைநோக்கியின் மாதிரியுருவில் ஒவ்வொரு செயலையும் பலமுறை பயின்றனர். நேரக்கூடிய இடையூறுகளையும் அறிஞர்கள் முன்னரே எண்ணி வைத்தனர். ஆயினும் எண்ணாத இடையூறு ஒன்றும் நேர்ந்தது.

2009-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் மைக் மாசிமினோ, மைக்கேல் குட் என்னும் இருவர் அட்லாண்டிஸ் ஓடத்தினின்று வெளிவந்தனர். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஆராயும் கருவி ஒன்று, 2004-இல் மின்பகுதி பழுதுற்று அடங்கிப் போயிருந்தது. அதனை மீண்டும் இயங்கச் செய்வதே அன்றைய பணி. அக்கருவியோ விண்வெளியில் திறந்து பழுதுபார்ப்பதற்கென அமைக்கப்பட்டதன்று. அதன் மூடியில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு திருகாணிகள் இருந்தன. கழற்றிய திருகாணிகள் மிதந்து செல்லாதவாறு பிடித்து வைக்கும் தகடு ஒன்றைப் பொறியறிஞர் முன்னரே செய்து தந்திருந்தனர். அதனைப் பொருத்துவதற்கு முதலில் ஒரு கைப்பிடியை அகற்ற வேண்டும். கைப்பிடியைப் பிணித்த நான்கு திருகாணிகளுள் மூன்று கழன்றன. நான்காவதன் தலை தேய்ந்துவிட்டது. எத்துணை முயன்றும் அது கழலவில்லை.

கைப்பிடியை வலிந்து முறிக்கலாமா? முறித்தால் துண்டுகள் தொலைநோக்கிக்குள் சிதறலாம். கூரிய முனை வீரரின் உடையைக் கிழித்தால் உயிருக்கே ஊறு நேரும். முறியாது விட்டாலோ கருவி என்றும் அடங்கியே கிடக்கும். கோடார்டு அறிஞர் கலங்கவில்லை; ஊகத்தை நம்பி விடை கூறவும் இல்லை. அத்தகைய கைப்பிடி ஒன்றை ஒரே திருகாணியால் பொருத்தி, அது முறிவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதை அப்பொழுதே இழுத்து அளந்தனர். ஏறத்தாழ 60 பவுண்டு எடைக்கு நிகரான விசை போதும் என்பது தெளிவாயிற்று. அம்முடிவு ஹூஸ்டன் வழியாக விண்ணுக்குச் சென்றது. மாசிமினோ துண்டுகள் சிதறாதவாறு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டுக் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். அது முறிந்தது, பணி தொடர்ந்தது. எட்டு மணி நேர உழைப்பில் மின்பகுதி மாற்றப்பட்டது. கோடார்டிலிருந்து கட்டளை சென்றது. ஏறத்தாழ ஐந்தாண்டு அடங்கிக் கிடந்த கருவி மறுமொழி தந்தது.

அப்பயணத்திற்குப்பின் வீரர் எவரும் ஹபிளிடம் சென்றதில்லை. விண்வெளி ஓடங்களும் 2011-இல் ஓய்வு பெற்றன. தொலைநோக்கியின் அசைவை உணர்த்தும் சுழல்காட்டிகளுள் ஒன்று 2024-இல் செம்மையாக இயங்காதபோது, ஒரே சுழல்காட்டியைக் கொண்டு வானாய்வைத் தொடரும் முறையை மண்ணில் உள்ளோரே செயற்படுத்தினர்.

கைப்பிடியை முறித்த கை ஒருவருடையது. முறிக்கலாம் என்று அளந்து கூறிய அறிவு பலருடையது. ஒருவர் பெயர் விளங்கும் வெற்றியில் பெயர் விளங்காத பலரின் உழைப்பும் உண்டு என்பதை மாணவர் மனத்திற் கொள்வாராக.