நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: மந்தைவெளியில், செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மாவுக்கு வயது 67, தம்பிக்கு 29. அவன் மூன்று வருடமாக மனநல சிகிச்சையில் இருக்கிறான். ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், இந்த வருஷம் மாத்திரையை நிறுத்திவிட்டான். போன மாதம் நான்கு நாள் தூங்கவே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் ஃபேனுக்குள் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று ராத்திரி ஒரு மணிக்கு அவர்கள் கதவைப் போய் உதைத்தான். ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். "அவரா வந்து ஏறினாத்தான் கூட்டிட்டுப் போக முடியும்" என்று திரும்பிவிட்டார்கள். அதற்குள் யாரோ போலீஸுக்குச் சொல்ல, இரண்டு பேர் வந்தார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை. "ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்மா, என்ன பண்ணட்டும்?" என்று என்னையே கேட்டார்கள். மாடிப்படி முழுக்க ஆட்கள். சிலர் செல்போனில் படம்பிடித்தார்கள். விடியற்காலையில் மாமா வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இப்போது பரவாயில்லை, வீட்டில் இருக்கிறான். ஆனால் "என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்தே" என்று என்னோடு பேசுவதில்லை. அடுத்த தடவை நான் யாரைக் கூப்பிடுவது? சில ராத்திரிகளில், நானே இல்லாமல் போனால் தேவலை என்று தோன்றுகிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மந்தைவெளி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரத்தில், 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. தொலைபேசி எண் 044-24640050. எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள், நீங்கள் சொல்வதை முழுக்கக் கேட்பார்கள். 14416-க்கும் பேசலாம். அது அரசின் இலவச மனநல எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தம்பிக்காக அல்ல, உங்களுக்காகவே இன்றே பேசுங்கள்.

இனி தம்பி விஷயம்.

சென்னையில் மனநல மருத்துவம் நேற்று வந்ததல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். வீடற்ற பெண்களுக்காக 'தி பான்யன்' 1993-இல் வந்தது. மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருந்துகள் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. உங்கள் மூன்றாவது மாடிக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவே உள்ள அந்தச் சில கிலோமீட்டரில்தான் ஆளில்லை. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வருமென்று நம்பியிருக்கிறோமே, அதுபோல மனம் கொதித்தால் பயிற்சி பெற்ற நர்ஸோடு ஒரு வண்டி வாசலுக்கு வரும் என்று இந்த நகரத்தில் யாராலும் நம்பியிருக்க முடிவதில்லை. ஸ்டாக்ஹோம் நகரில் 2015 முதல் அப்படி ஒரு ஆம்புலன்ஸ் ஓடுகிறது. உள்ளே இரண்டு மனநல நர்ஸ்கள், ஓட்டுநராக ஒரு மருத்துவ உதவியாளர். நம்மிடம் 108 இருக்கிறது, 14416 இருக்கிறது. இரண்டையும் இணைத்து, இரவுப் பணிக்கு மனநல நர்ஸ்களை அமர்த்துவது மாநில அரசால் முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடைவெளி இருக்கும்வரை அங்கே யார் யாரோ நுழைவார்கள். பணம் வாங்கிக்கொண்டு நான்கு பேர் வந்து கைகாலைக் கட்டித் தூக்கிப்போவதும் நடக்கிறது. பதிவு பெறாத விடுதிகள் பக்கம் போகவே போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் அப்படி ஒரு விடுதியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவிட்டவர்கள், எங்கே போவதென்று தெரியாமல் தவித்த குடும்பத்தார்தான்.

அன்று வந்த போலீஸ்காரர்கள் உங்களைக் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 100-ஆவது பிரிவு அது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து ஏற்படுத்தக்கூடியவர் என்று நம்பக் காரணமிருந்தால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அவரைத் தம் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். கைது அல்ல, பாதுகாப்பு. எதற்காக என்று அவரிடமே சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக் கூடாது. ஆகவே அடுத்த முறை யாராவது "ஸ்டேஷனுக்கு" என்றால், "சார், பிரிவு 100-படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். லத்தி வெளியே இருக்கட்டும், ஒருவர் மட்டும் உள்ளே வரட்டும் என்றும் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒத்துழைக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஆம்புலன்ஸ் விஷயத்திலும் அதே சட்டம் உங்கள் பக்கம்தான். உடல் நோயாளிக்குக் கிடைக்கிற அதே தரத்தில் மனநோயாளிக்கும் கிடைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத 94-ஆவது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து, அல்லது பெரிய தீங்கு நேரும் என்ற நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் வீட்டிலேயே அவசர சிகிச்சை தரலாம். நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளியின் சார்பில் நிற்பவர், இருந்தால் அவருடைய சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை. மனநல மருத்துவர்தான் வேண்டுமென்பதில்லை. உங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் இதை இப்போதே பேசிவையுங்கள்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது அந்த ஒரு மணி ராத்திரியைப் பற்றி அல்ல, அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்த ராத்திரியைப் பற்றி. நான்கு நாள் தூங்கவில்லை என்கிறீர்கள். இரண்டாவது இரவே அபாய மணி அடித்துவிட்டது. தொடர்ந்து இரண்டு இரவு தூக்கமில்லை என்றால், மறுநாள் காலையில் அவருடைய டாக்டரைக் கூப்பிடுங்கள், நான்காம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலப்பது வேண்டவே வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால், அவர் உங்களைச் சந்தேகிப்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கொதிக்கிற நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். டிவியை அணையுங்கள். கத்தி, மாத்திரைப் பெட்டியை எடுத்து மறையுங்கள், பால்கனிக் கதவைப் பூட்டுங்கள், ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். "கேமராவும் இல்ல, ஒண்ணும் இல்ல, உளறாதே" என்று வாதாடாதீர்கள், "ஆமா, இருக்கு" என்றும் சொல்லாதீர்கள். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கேயே இருக்கேன்" என்பது போதும். படிக்கட்டில் கூடுகிறவர்களைக் கலைப்பதும் படம்பிடிப்பதைத் தடுப்பதும் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வேலை. அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. திடீர்க் குழப்பமெல்லாம் மனநோய் அல்ல. வயதானவர்களுக்கு உப்புச்சத்து இறங்கினாலும், சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தாலும், தினம் குடித்தவர் திடீரென நிறுத்திய இரண்டு மூன்று நாளிலும் இப்படி ஆகலாம். அவர்களைக் கொண்டுபோக வேண்டியது பொது மருத்துவமனைக்கு. மயிலாப்பூர், மந்தைவெளிக்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம்.

தம்பியின் கோபம் நியாயமானது. அத்தனை பேர் பார்க்க அவமானப்பட்டவர் அவர். "வேற வழியில்லையே" என்று வாதாடாமல், அன்று ராத்திரி அவருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவரிடம் கொடுங்கள். அடுத்த முறை யார் வரலாம், யார் வரக் கூடாது, எந்த ஆஸ்பத்திரி, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் கையாலேயே எழுதட்டும். தன் நியமனப் பிரதிநிதி யார் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சட்டப்படி அதற்கு வெள்ளைத் தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். அவர் உங்கள் பெயரை எழுதாமல் மாமா பெயரை எழுதலாம். எழுதினால் விட்டுவிடுங்கள், அது அவருடைய உரிமை. ஒரு நகலை டாக்டரிடமும் ஒன்றை மாமாவிடமும் கொடுத்துவிட்டு, மூலத்தை ஆஸ்பத்திரி ஃபைலோடு வையுங்கள்.